ரயிலும் லொறியும் மோதினதும் கிளம்புகிற காரணங்களில் எதை நம்பலாம்?

கேட்டவரின் கேள்வி இதுதான்: இலங்கையின் வடக்கே வன்னியில், வீதி தண்டவாளத்தைக் கடக்கிற கடவையில் ரயில் லொறியை அடித்தால், சாரதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்னமே "குடிவெறி", "கள்ள மணல்", "கோச்சிக்காரன் ஹோர்ன் அடிக்கவில்லை" என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே, இதில் ஏதும் உண்மை இருக்குமா?

சில வேளை இருக்கும். 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெலவில், மூடிய தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்த தனியார் பஸ்ஸை ரயில் அடித்து 35 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே பஸ்காரனைத் திட்டியவர்களைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் வன்னியில் கனக்கக் கடவைகளில், சுற்றிக்கொண்டு போவதற்குத் தடுப்பே இல்லை. அதனால் நான் முதலில் இடத்தைப் பார்ப்பேன், பிறகுதான் ஆளை.

கொஞ்சக் காலம் நெல் ஏற்றுகிற லொறி ஓட்டினவன் நான். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் பல இடங்களில் தண்டவாளம் ஏ9 வீதிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. உள்ளூருக்குத் திரும்புகிற லொறி பிரதான வீதியை விட்டு இறங்கின கையோடு கடவையில் ஏற வேண்டும். நின்று பார்ப்போம் என்றால் லொறியின் பின்பாதி ஏ9இல் நிற்கும், பின்னால் வருகிற பஸ்காரன் விடமாட்டான். திரும்புகிற நேரத்தில் சாரதியின் கண் எதிரே வருகிற வாகனத்திலும் பக்கக் கண்ணாடியிலும் இருக்கும். அதே திசையில் ஓடி வருகிற ரயில் அவருடைய முதுகுக்குப் பின்னால் வருகிறது. லொறி முழுதாகத் திரும்பி முடிகிற வரைக்கும் அதைக் காணவே முடியாது.

இனி ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிற ரயில் ஒரு செக்கனில் 25 மீட்டர் ஓடும். பாரம் ஏற்றிய லொறி நின்ற இடத்திலிருந்து கிளம்பித் தண்டவாளத்தை முழுதாகத் தாண்டப் பத்து செக்கனாவது பிடிக்கும். அப்படியென்றால் குறைந்தது 250 மீட்டர் தூரத்துக்குத் தண்டவாளம் தெளிவாகத் தெரிய வேண்டும். மாரி முடிந்து பற்றை வளர்ந்து நிற்கிற ஒரு கடவையில் போய் நின்று பாருங்கள், அதில் பாதி தெரிந்தாலே பெரிய விஷயம். தெரிந்தாலும் கண் ஏமாற்றும். பெரிய பொருள் மெதுவாக வருகிற மாதிரித் தோன்றுவதை லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985இலேயே கடவை விபத்துகளோடு சேர்த்து எழுதியிருக்கிறார். "கோச்சிக்காரன் பிரேக் பிடித்திருக்கலாமே" என்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்: அந்த வேகத்தில் வருகிற ரயிலை நிறுத்த அரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். லொறியைக் கண்டு அவர் பிரேக் பிடித்தாலும், ரயில் நிற்பது மோதி முடிந்த பிறகுதான்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1990இல் யுத்தத்தால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின, பாதை கிடந்த நிலம் மாடு போகிற வழியாயிற்று. கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தது 2013 செப்டம்பரில். இடையில் பிறந்து வளர்ந்து லைசென்ஸும் எடுத்துவிட்ட ஒரு தலைமுறை, ஊருக்குள் ரயிலையே கண்டதில்லை.

சரி, ஊகங்களுக்கு வருவோம். "ஹோர்ன் கேட்கவில்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்றில்லை. தினமும் கேட்கிற சத்தம் காதில் ஏறாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிற லொறிக்குள்ளும் ஏறாது. ஆனால் "கேட்கவில்லை" என்பது கை மாறும்போது "அடிக்கவில்லை" ஆகிவிடுகிறது.

குடிவெறிக் கதை எப்படிப் பிறக்கிறது என்பதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தேன். நொறுங்கின லொறியின் சீற்றுக்குக் கீழே ஒரு சாராயப் போத்தல். யாரோ படம் எடுத்துப் போட்டார்கள், பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் காரணம். உள்ளே இருந்தது பற்றறிக்கு ஊற்றுகிற தண்ணீர். லொறி வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார், பழைய போத்தலில்தான் அதெல்லாம் இருக்கும். ஆனால் செத்த மனிதரின் மகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தை இன்னொரு பிள்ளையின் போனில் பார்த்தாள். உண்மையில் குடித்திருந்தாரா என்பதைச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் இரத்த மாதிரியின் முடிவும்தான் சொல்ல வேண்டும். அது அன்றைக்கே வருகிற விஷயமில்லை.

டிப்பர் என்றால் மணல் கடத்தல் என்பதும் இப்படித்தான். கடத்தல் நடக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லா டிப்பரும் பொலிசுக்குப் பயந்து ஓடுவதில்லை. "ஏ9இல் இருக்கிற முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போனான்" என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன், அதைச் சொல்வது பெரும்பாலும் எங்கள் வீட்டு ஆட்கள்.

காப்பாளர் நித்திரை என்ற குற்றச்சாட்டைப் பார்த்தால், அந்தக் கடவைக்குக் காப்பாளர் இருந்தாரா என்று முதலில் விசாரியுங்கள். பொலிஸ் ஊடாக அமர்த்தப்பட்ட கடவைக் காப்பாளர்கள் நாளுக்கு 250 ரூபாவுக்கு வெயிலில் நிற்கிறோம் என்று வீதியில் இறங்கிப் போராடியவர்கள்.

அப்புறம் அந்தக் காந்தக் கதை. ரயில் வரும்போது தண்டவாளம் காந்தமாகி எஞ்சினை நிறுத்திவிடும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. கடவை மேடாக இருக்கும், பாரத்தோடு ஏறும்போது நடுவில் கியர் மாற்றினால் லொறி இழுக்க மாட்டாமல் நின்றுவிடும். பதற்றத்தில் திரும்ப ஸ்டார்ட் எடுப்பதும் லேசில்லை. முதல் கியரில் ஏறினால் பின்சில்லு இறங்குகிற வரைக்கும் கியரில் கை வைக்காதீர்கள். நின்றுவிட்டால் லொறியை விட்டுவிட்டு இறங்கித் தூர ஓடுங்கள்.