பதில்: 'தி பெர்ஃபெக்ட் டிரக்' சிடியில் மூலப் பாடலே இல்லையே?

வணக்கம். பழைய சிடிக் கடையில் வாங்கிய நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'தி பெர்ஃபெக்ட் டிரக்' சிங்கிளில் (ஒரே பாடலை மையமாக வைத்த வெளியீடு) ஐந்து ரீமிக்ஸ்கள், அதாவது அந்தப் பாடலை மாற்றியமைத்த வடிவங்கள், மட்டுமே இருப்பதாகவும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் மீது தவறில்லை. உங்களிடம் இருப்பது 1997-இல் வெளியான அமெரிக்கப் பதிப்பு. அதில் மூலப் பாடல் சேர்க்கப்படவே இல்லை. டேவிட் லிஞ்ச் இயக்கிய 'லாஸ்ட் ஹைவே' படத்துக்காக அந்தக் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் தயாரித்த இசைத்தொகுப்பில்தான் அது முதலில் இடம்பெற்றது. ஐரோப்பியப் பதிப்பின் பின்னட்டையில் ஆறாவதாக மூலப் பாடலின் பெயரும் இருக்கும். இனி வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். ஆனாலும், என்னைக் கேட்டால், இசைத்தொகுப்பையே தேடி வாங்குவது மேல்.

ரீமிக்ஸ்களை ஒதுக்கிவிட வேண்டாம். மூலப் பாடலின் பிற்பகுதியில் குரல் அடங்கியதும் ஸ்நேர் டிரம் மூச்சுவிடாமல் பொழியும் ஒரு நீண்ட பகுதி வருகிறது. டிரம் அண்ட் பேஸ் என்ற வேகத் தாள மின்னணு இசையின் சாயல் அதிலேயே தெரிவதால், அந்த வகையில் கைதேர்ந்த லூக் வைபர்ட், 'பிளக்' என்ற புனைபெயரில் செய்த ரீமிக்ஸ் எனக்கு மிக இயல்பாகப் படுகிறது. தி ஆர்ப் என்ற குழு செய்த ரீமிக்ஸ் ஆடுவதற்கல்ல, இரவில் ஹெட்ஃபோனில் கேட்பதற்கு. மீட் பீட் மேனிஃபெஸ்டோ, ஸ்பேஸ்டைம் கன்டினூவம் ஆகியோரின் ரீமிக்ஸ்களும் அதே வட்டில் உள்ளன. ஆனால், மூலப் பாடலைக் கேட்ட பிறகு இவற்றுக்குத் திரும்புங்கள். எதை எடுத்து எதை விட்டார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.