உருவக்கேலி செய்து சைவத்தைப் பரப்ப முடியுமா?

கேள்வி: "குண்டு என்று குத்திக்காட்டியாவது ஒருவரைச் சைவத்துக்கு மாற்றினால் அவருக்கும் நல்லது, ஆடு கோழிக்கும் நல்லது. பீட்டா மாதிரி அமைப்புகள் அப்படி விளம்பரம் செய்வதில் என்ன தவறு?"

மரியாதை, மனம் புண்படுவது எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பலனை மட்டும் கணக்குப் பார்த்தாலே இந்த வகை விளம்பரம் தேறாது.

நீங்கள் மனதில் வைத்துக் கேட்பது அநேகமாக 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில் நகரில் பீட்டா வைத்த பலகையாக இருக்கும். பிகினி போட்ட பருமனான பெண் ஒருத்தியைப் பின்னாலிருந்து வரைந்த கேலிச்சித்திரம். பக்கத்தில், திமிங்கலங்களைக் காப்பாற்றுங்கள், கொழுப்பைக் கரையுங்கள், சைவத்துக்கு மாறுங்கள் என்ற பொருளில் வாசகம். முதல் வரி, திமிங்கல வேட்டையை நிறுத்தச் சொல்லி 1970களில் எழுந்த முழக்கம். அதைத் தூக்கி ஒரு பெண்ணின் முதுகில் ஒட்டியிருந்தார்கள். கண்டனம் கிளம்பியதும் பலகையை மாற்றினார்கள். ஆனால் புதிதாக வந்த பலகையும், பழையது காணாமல் போனதைச் சைவத்துக்கு மாறியவர்களின் எடை காணாமல் போவதோடு ஒப்பிட்டது. அதாவது கேலியைக் கைவிடவில்லை, ஓரங்குலம் நகர்த்தினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. திமிங்கலத்தின் கொழுப்பு அதற்கு நோய் இல்லை. குளிர்ந்த கடலில் உடல் சூட்டைக் காப்பதும், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் இரையில்லாமல் தாக்குப்பிடிக்க வைப்பதும் அதுதான். அந்தக் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுக்கத்தான் மனிதன் திமிங்கலத்தைக் கொன்று குவித்தான். இன்னொன்று, நீலத் திமிங்கலத்தின் சாப்பாடு கூனிப்பொடி மாதிரியான கிரில். நாளுக்கு டன் கணக்கில். கீரை ஒரு கட்டுகூடக் கிடையாது. விலங்குகளுக்காகப் பேசும் அமைப்பு ஒரு விலங்கின் இயல்பான உடம்பையே வசைச்சொல்லாக்கியது.

பீட்டா மட்டும் அல்ல. தாவர உணவை முன்வைக்கும் அமெரிக்க மருத்துவர் அமைப்பான பி.சி.ஆர்.எம். 2012இல் நியூயார்க் மாநிலம் ஆல்பனியில் இரண்டு பலகைகள் வைத்தது. ஒன்றில் தொங்கும் வயிறு, இன்னொன்றில் பருத்த தொடை. சீஸ் தின்றால் உன் வயிறு இது, உன் தொடை இது என்பது செய்தி. முகம் கிடையாது. பருமனானவர்களைக் காட்டும்போது தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் காட்டுவது இத்தகைய படங்களின் வாடிக்கை.

இனி கணக்குக்கு வருவோம். சைவர்கள் சராசரியாக ஒல்லி என்பது பொய் இல்லை. அமெரிக்க, கனடிய அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவச் சபையினர் சுமார் 60,000 பேரை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், பால் முட்டைகூடத் தொடாத வீகன்களின் சராசரி பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23.6, பால் முட்டை சேர்க்கும் சைவர்களுக்கு 25.7, அசைவர்களுக்கு 28.8. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 23.6க்கும் 28.8க்கும் உள்ள இடைவெளி 13 கிலோவுக்கு மேல். விளம்பரக்காரர் கண்ணுக்குப் படுவது இந்த 13 கிலோதான். ஆனால் இது இரண்டு கூட்டங்களை ஒரே சமயத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தது. நேற்றுவரை கறி தின்றவர் இன்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இது பதில் ஆகாது. வீகனாக வாழ்பவர் மற்ற பழக்கங்களிலும் வேறாக இருப்பார்.

அதற்குப் பதில் வேண்டுமென்றால் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து உணவை மாற்றிப் பார்த்த சோதனைகளைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட 12 சோதனைகளை, மொத்தம் 1,151 பேர், ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான தொகுப்பாய்வின்படி, சைவத்துக்கு மாறியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இழந்தது சராசரியாக 2 கிலோ. ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து பார்த்த சோதனைகளில் அது 1 கிலோ சொச்சம். 160 செ.மீ. உயரம், 80 கிலோ எடையுள்ள பெண்ணின் பி.எம்.ஐ. 31.3. இரண்டு கிலோ குறைந்தால் 30.5. அந்தப் பலகையில் வரைந்த உடம்பு அப்படியேதான் இருக்கும். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இவற்றில் நன்மை கிடைக்கலாம், அதைச் சொல்ல ஆயிரம் வழி உண்டு. பலகை அதைச் சொல்லவில்லையே.

ஏன் இவ்வளவு குறைவு? எடையைத் தீர்மானிப்பதில் தட்டில் கறி உண்டா இல்லையா என்பதைவிட மொத்தக் கலோரிக்குப் பங்கு அதிகம். தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 165 கலோரி. உருளைக்கிழங்கு சிப்ஸ் 100 கிராமில் 500க்கு மேல். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. சிப்ஸும் கோலாவும் வீகன்கூட ஆகிவிடும். மைசூர்பாகும் வாழைக்காய் பஜ்ஜியும் சுத்த சைவம். கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறும் ஒரு அப்பளமும் போட்டால் எடை ஏறவும் செய்யும். "சைவம் சாப்பிடு, இளைப்பாய்" என்ற வாக்கை நம்பி வந்தவர் மூன்றாம் மாதம் எடை மெஷினில் ஏறி நின்று பார்ப்பார். முள் நகராவிட்டால் அவருக்குச் சைவத்தில் இருக்க வேறு காரணமே இல்லை.

விட்டுப்போகிறவர்களின் கதையும் இதோடு பொருந்துகிறது. ஃபானலிட்டிக்ஸ் என்ற ஆய்வு அமைப்பு 2014இல் அமெரிக்கர் 11,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில், எப்போதாவது சைவமோ வீகனோ ஆனவர்களில் ஆறில் ஐந்து பேர் திரும்பிவிட்டிருந்தார்கள். திரும்பியவர்கள் முதலில் சைவத்துக்கு மாறியதற்குச் சொன்ன காரணங்களில், பாதிப் பேரைத் தாண்டியது உடல்நலம் ஒன்றுதான். நீடித்தவர்களுக்கோ விலங்கு, சுற்றுச்சூழல் என்று பல காரணங்கள் இருந்தன. எனவே எடையைக் காட்டி ஆள் சேர்ப்பது, நிற்காத ஆளைச் சேர்ப்பது.

கேலி கேட்டவர் என்ன செய்கிறார் என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2011இல் வெளியான ஒரு பரிசோதனையில், பருமனானவர்களை இழிவாகக் காட்டும் வீடியோவைப் பார்த்த பருமனான பெண்கள், சாதாரண வீடியோ பார்த்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் கலோரி நொறுக்குத்தீனி சாப்பிட்டார்கள். அமெரிக்காவில் 6,000 பேரை 2006 முதல் 2010 வரை கவனித்த இன்னொரு ஆய்வில், எடைக்காகத் தாழ்வாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களில் ஆரம்பத்தில் உடற்பருமன் இல்லாதோர், பிறகு அந்த நிலையை எட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. வெட்கம் வந்தால் வாயைக் கட்டுவார்கள் என்பது ஒல்லியானவர்களின் ஊகம்.

மறுபுறம் ஒரு ஆபத்து. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சைவம் ஒரு நல்ல மறைவிடம். "நான் அது சாப்பிடமாட்டேன்" என்றால் யாரும் துருவிக் கேட்பதில்லை. 2012இல் வெளியான ஆய்வில், உணவுக் கோளாறு வந்த பெண்களில் 52 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் சைவமாக இருந்தவர்கள். அந்தப் பிரச்சினை இல்லாதவர்களில் 12 சதவீதம்தான். அப்படிச் சைவமாக இருந்தவர்களில், முதன்மைக் காரணம் எடை என்று சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 42 சதவீதம், இரண்டாவதில் ஒருவர்கூட இல்லை. சைவம் இந்த நோயைத் தருகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இளைப்பதற்காகச் சைவம் என்ற வாசகம் முதலில் போய்ச் சேரும் காது யாருடையது என்பதைத்தான் இது காட்டுகிறது.

"எப்படியோ பேசப்பட்டது அல்லவா?" என்று கேட்கலாம். உண்மைதான், பீட்டாவின் கணக்கே அது. ஒரு ஊரில் ஒரு பலகைக்குக் காசு கொடுத்தால் நாடு முழுக்கச் செய்தி. ஆனால் 2009இல் நாடு பேசியது அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி. கோழிப் பண்ணையைப் பற்றி யார் பேசினார்கள்? இதே நாணயத்தின் மறுபக்கம், அரைகுறை ஆடையில் ஒல்லியான பெண்ணை நிறுத்தும் விளம்பரங்கள். ஆஸ்திரேலியாவில் ஆண் மாணவர்களிடம் பீட்டாவின் அத்தகைய விளம்பரங்களைக் காட்டிச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். பார்த்தவர்களுக்குக் கிளர்ச்சி வந்தது. அமைப்புக்கு உதவும் எண்ணமோ குறைந்தது. படத்திலுள்ள பெண்ணை முழு மனிதராக அவர்கள் பார்க்காமல் போனதுதான் காரணம் என்று ஆய்வு சொன்னது. மிருகத்தின்மேல் இரக்கம் கேட்கப் போன இடத்தில் மனிதர்மேல் இருந்த இரக்கமும் போயிற்று.

சரி, இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் புண்படுத்துகிறது என்பதற்காக அரசு தடுக்க முடியாது. பேச்சுரிமை குறுக்கே நிற்கும். விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்.டி.சி. பார்ப்பது ஏமாற்று விளம்பரங்களையே. அங்கே பலகையின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் நெருக்கடிதான் வேலை செய்யும். பிரிட்டனில் 2015இல் நடந்ததைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு உன் உடம்பு தயாரா என்று கேட்ட ஒரு புரதப் பவுடர் விளம்பரத்துக்கு எதிராக 378 புகார்கள். விளம்பரத் தர ஆணையம் உருவக்கேலிக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எடை குறையும், உடல்நலம் கூடும் என்ற வாக்குறுதிகள்மேல் எழுந்த ஐயத்தால்தான் அந்த விளம்பரம் நின்றது. லண்டன் போக்குவரத்துக் கழகப் பலகைகளில் அத்தகைய விளம்பரங்களுக்கு இடமில்லை என்று மேயர் சாதிக் கான் அறிவித்தது 2016இல்.

இந்தியாவில் நமக்கு இரண்டு பிடிகளும் உண்டு. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி, 2022இல் தன் விதியைத் திருத்தி, உடல் வடிவத்தை வைத்து யாரையும் இழிவுபடுத்தக் கூடாது என்று சேர்த்தது. ஆதாரமில்லாத வாக்குறுதி கூடாது என்பது முன்பே இருக்கிறது. புகாரில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்: எந்த வரி, எந்தப் படம் உடம்பைக் கேலி செய்கிறது, எந்த வரி எடை குறையும் என்கிறது, அதற்கு ஆதாரம் என்ன. பலகை என்றால் சின்ன எழுத்தும் படிக்கிற மாதிரி முழுப் படம், சாலை, ஊர், தேதி, நேரம். இணைய விளம்பரம் என்றால் ஸ்கிரீன்ஷாட்டும் சுட்டியும், உடனே. அடுத்த நிமிடம் அது மறைந்துவிடும். ஆஸ்கியின் இணையதளத்திலோ 77100 12345 என்ற வாட்ஸ்அப் எண்ணிலோ அனுப்பலாம். ஆஸ்கி ஒரு சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு, அபராதம் போடாது. தவறான வாக்குறுதி பெரிதாக இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதல் முறைக்கு 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்கள் சைவத்தைப் பரப்பும் பக்கம் நிற்பவர் என்றால், போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் அதில் இருக்கும் மனித உடம்பைக் கையால் மறைத்துப் பாருங்கள். சொல்ல விஷயம் மிச்சம் இருக்கிறதா? ஜாக்சன்வில் பலகையில் ஒன்றும் மிஞ்சாது. சாப்பாட்டுப் படம் இல்லை, பண்ணை விலங்கு இல்லை. ஃபுளோரிடாவில் திமிங்கலக் கறி தின்பவரும் இல்லை.

உடம்பையே பேசாமல் சாதித்தவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக கேன்டீன்களில் நாலு பதார்த்தத்தில் ஒன்று சைவம் என்றிருந்ததை இரண்டாக்கினார்கள். 2019இல் வெளியான கணக்குப்படி சைவ விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை கூடியது. மொத்த விற்பனை கிட்டத்தட்ட அப்படியே. வழக்கமாகச் சைவத்தை அதிகம் தொடாதவர்களிடம்தான் மாற்றம் பெரிது. பெயரும் முக்கியம். அமெரிக்காவின் பனேரா உணவகத்தில் "கொழுப்பு குறைந்த சைவ" என்று தொடங்கிய கருப்பு பீன்ஸ் சூப்பை "கியூப" சூப் என்று பெயர் மாற்றியதும் விற்பனை 13 சதவீதம் உயர்ந்தது. "கொழுப்பு குறைவு" என்ற வார்த்தை கேலியின் மெல்லிய தங்கை. அதைக் கண்டாலே ருசி இருக்காது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. மெனுவில் சைவத்துக்குத் தனிப் பெட்டி கட்டுவதும் வேண்டாம். அது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

போஸ்டரில் இருக்க வேண்டியது ஒரு பதார்த்தம், அது கிடைக்கும் இடம், விலை. வீட்டுக்கு என்றால் அளவு: 100 கிராம் சமைத்த கோழிக்கறிக்கு ஏறத்தாழ ஈடான புரதத்துக்கு ஊறப்போடுவதற்கு முன் 50 கிராம் மீல் மேக்கர், அதில் சுமார் 26 கிராம் புரதம். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு மிளகு, சோம்பு, சின்ன வெங்காயத்தோடு வறுக்கச் சொல்லுங்கள். பிழியாமல் போட்டால் மசாலா ஏறாது. முதல் நாளே ஆளை இழந்துவிடுவீர்கள். முழு வீகனாகச் சொல்கிறீர்கள் என்றால் பி12 மாத்திரை பற்றி ஒரு வரி கீழே கட்டாயம் வேண்டும், சின்ன எழுத்தில் அல்ல.