வயது 48, எந்தத் தொந்தரவும் இல்லை. மேமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்று வந்ததில்லை, அலுவலக ஹெல்த் செக்கப்பில் மேமோகிராமையும் (மார்பகத்தை எடுக்கிற எக்ஸ்ரே) இலவசமாகச் சேர்த்திருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இதே குழப்பத்தோடு ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் எடுத்து, அதனாலேயே மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்தவள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் கட்டி தட்டுப்படுகிறது, காம்பு உள்ளே இழுக்கிறது, ரத்தம் கசிகிறது, தோல் சுருங்குகிறது என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நான் சொல்லப்போவது ஒன்றுமே இல்லாதவர்களுக்கு.

ஐந்து வருடத்துக்கு முன்னால், மதுரையில், எனக்கு 49 வயது. உள்ளே போனதும் டெக்னீஷியன் பெண் கேட்டது, "பவுடர் போட்டிருக்கீங்களாக்கா?" போட்டிருந்தேன். ஈரத் துணியால் அக்குள் வரை துடைக்கச் சொன்னாள். பவுடர் துகள் படத்தில் கால்சியப் புள்ளி மாதிரியே தெரியுமாம், அதைப் பார்த்துவிட்டு நோய் என்று நினைத்துவிடுவார்களாம். அப்புறம் தாலிக்கொடி. பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "படத்துல விழும்க்கா, கழட்டித்தான் ஆகணும்." கர்ச்சீப்பில் சுற்றி இடது கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது வலிக்கத்தான் செய்தது, ஆனால் சில நொடிதான். பக்கத்துக்கு இரண்டாக நான்கு படம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "சின்னதா ஒண்ணு தெரியுது, ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்." ஸ்கேனுக்குப் பிறகு பயாப்சி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது. ஊசி உள்ளே போகும்போது ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று ஒரு சத்தம். மரத்துப்போக மருந்து கொடுத்திருந்ததால் வலியில்லை, சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிப்போட்டது. ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, டிவி மட்டும் சத்தமாக ஓடியது. வந்தது ஃபைப்ரோஅடினோமா. தொல்லை தராத சாதாரணக் கட்டி.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், முன்னாலேயே படித்திருக்க வேண்டும். பிரிட்டனில் 50 வயதிலிருந்து 71 வரை 3 ஆண்டுக்கு ஒருமுறை அரசே கடிதம் போட்டுக் கூப்பிடுகிறது. நல்லது கெட்டது இரண்டையும் எண்ணிக்கையோடு சொல்லிவிடுகிறார்கள். 100 பேர் போனால் 4 பேரை மறுபடி கூப்பிடுவார்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கும். 200 பேர் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் ஒருவர் மார்பகப் புற்றால் சாவது தடுக்கப்படும். அதே 200 பேரில் 3 பேருக்கு, ஆயுசு முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத ஒரு புற்றுக்காக அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் நடக்கும். எது வளரும், எது அப்படியே கிடக்கும் என்று இன்றைக்கு யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாததால், கண்டுபிடித்துவிட்டால் சும்மா விடுவதில்லை. எனக்கு இந்தக் கணக்குதான் உறைத்தது. "சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே" என்கிற வாசகத்துக்குள் இந்த மூன்று பேர் வருவதே இல்லை.

உங்கள் வயது இன்னும் சிக்கல். பிரிட்டன் 48 வயதில் உங்களைக் கூப்பிடாது. அமெரிக்காவின் அரசு நிபுணர் குழு 2016இல் 50க்கு மேல் போதும், நாற்பதுகளில் அவரவர் விருப்பம் என்றது. 2024இல் அதை மாற்றி, 40இலிருந்தே 2 ஆண்டுக்கு ஒருமுறை என்றது. வயது குறைவாக இருந்தால் மார்பகம் அடர்த்தியாக, படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். பனிமூட்டத்தில் வெள்ளை ஆட்டைத் தேடுகிற கதை.

நம் நாட்டு ஆய்வு ஒன்றும் உண்டு. மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் கவனித்தது. மேமோகிராம் கிடையாது, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்ததுதான். 2021இல் முடிவு வெளியானது: 50 வயதுக்கு மேற்பட்டவர்களில், அப்படிப் பார்க்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால், மார்பகப் புற்றால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழே அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. மெஷினே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கையால் பார்ப்பதை "அது சும்மா" என்று ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

என் அக்காவுக்கு 55. "நல்லா இருக்கிற உடம்பை எதுக்குடி நோண்டணும்?" என்று மேமோகிராமுக்கு வர மறுத்துவிட்டாள். முதலில் சண்டை போட்டேன், இப்போது போடுவதில்லை. அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையால் பரிசோதனை செய்துகொள்கிறாள். நான் 2 வருடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறேன், அந்த மூன்று வாரம் மறுபடி வரலாம் என்று தெரிந்தே. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இந்த நோய் இருந்திருந்தால் இரண்டு பேரும் வேறு மாதிரி முடிவு செய்திருப்போம். அப்போது கணக்கே வேறு, அதை டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் எடுப்பேன், ஆனால் செக்கப்புக்குக் கையெழுத்துப் போடுமுன் அலுவலகத்தில் ஒன்று கேட்பேன்: படத்தில் ஏதாவது தெரிந்தால் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் யார் பணம் கட்டுவது? இலவசம் என்பது பெரும்பாலும் முதல் படத்தோடு முடிந்துவிடும். ரிப்போர்ட்டோடு படத்தையும் சிடியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துதான் என்னைப் பயாப்சி வரை போகவிடாமல் திருப்பி அனுப்பினார்கள்.