வாசகர் கேள்வி: காற்றடித்தால் உறங்காத அம்மா

கேள்வி: 2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் எங்கள் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடினார். இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலத்தால் அவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் மூளையை அழித்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது உண்மையா?
– ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அழித்துவிடும் என்பது சரியல்ல. அப்படி ஓர் எண்ணம் எங்கிருந்து வந்தது, பிறகு எப்படித் திருத்தப்பட்டது என்பதை ஒரே விஞ்ஞானியின் வாழ்நாள் உழைப்பைக் கொண்டே சொல்லிவிடலாம். நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2020 ஜனவரியில் மறைந்த புரூஸ் மெக்யுவன்தான் அவர்.

கார்டிசால் நம் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து வருகிறது. எலிகளில் அதே வேலையைச் செய்வது கார்டிகோஸ்டீரோன். அட்ரீனல் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளுக்குக் கதிரியக்கக் குறியிட்ட அந்த ஹார்மோனைச் செலுத்தி, அது மூளையில் எங்கே போய்த் தங்குகிறது என்று மெக்யுவனும் உடன் பணிபுரிந்தவர்களும் தேடினார்கள். ஹார்மோன்களை ஆளும் ஹைப்போதலாமஸில் அல்லாமல், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில்தான் அது மிகுதியாகத் தங்கியிருந்தது. 1968இல் வெளியான இந்த முடிவிலிருந்துதான், அழுத்த ஹார்மோன் நினைவோடும் மனநிலையோடும் நேரடியாக உறவுடையது என்ற ஆய்வுத்துறை கிளைத்தது. (ஹிப்போகாம்பஸ் என்ற சொல்லுக்குக் கடற்குதிரை என்று பொருள், அதன் வளைந்த உருவத்தைக் கண்டு வைத்த பெயர்.)

1980களில் அவரும் அவருடைய மாணவர் ராபர்ட் சபோல்ஸ்கியும், இந்த ஹார்மோன் நெடுங்காலம் மிகுந்திருந்தால் ஹிப்போகாம்பஸின் நரம்பணுக்கள் மடியக்கூடும் என்று மூப்படையும் எலிகளை ஆராய்ந்து எழுதினார்கள். நீங்கள் பார்த்த காணொளியின் வேர் அநேகமாக அங்கேதான் இருக்கிறது. ஆனால் 1992இல் மெக்யுவனின் ஆய்வுக்கூடத்திலேயே வேறொன்று தெரியவந்தது. நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 21 நாட்கள் அசையவிடாமல் வைக்கப்பட்ட எலிகளின் நரம்பணுக்கள் மடியவில்லை. அவற்றின் கிளைகள்தான் குறுகியிருந்தன. அழுத்தத்தை நீக்கிய பின் அந்தக் கிளைகள் மீண்டும் நீண்டதையும் அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. தாம் முன்பு எழுதியதைவிடத் தாம் பின்பு கண்டதை நம்பி, மூளை அழுத்தத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்று வாழ்நாள் முழுவதும் அவர் வலியுறுத்தினார் என்பதுதான், என்னைப் பொறுத்தவரை, அவருடைய கண்டுபிடிப்புகள் அனைத்திலும் பெரியது.

அந்தப் புயல் காலையில் உங்கள் அம்மாவின் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, இரு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடும் வலுவைத் தந்ததில் கார்டிசாலுக்கும் பங்கு உண்டு. ஆபத்து நீங்கிய பிறகும் அது அடங்காமல் நீடிக்கும்போது உடலில் சேரும் தேய்மானத்தைத்தான் மெக்யுவன் 'சுமை' என்று குறித்தார்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சம் ஏன் தணியவில்லை? இதற்கு நம் பக்கத்து பெங்களூரில் விடை கிடைத்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகாம்பஸின் கிளைகளைக் குறுக்கிய அதே அழுத்தம், அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவின் கிளைகளை வளர்த்திருந்தது. அழுத்தமில்லாமல் 21 நாட்கள் விட்டுவைத்த பிறகும் அந்த வளர்ச்சி குறையவில்லை என்று அவர்கள் பின்னர் காட்டினார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாதென்றாலும், அம்மாவின் விழிப்பு அவருடைய மனபலவீனம் அல்ல என்பதை உணர இது போதும். "இன்னுமா பயப்படுகிறாய்?" என்று வீட்டில் யாரும் அவரைக் கேட்க வேண்டாம். இவ்வகை அச்சத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ ஜிப்மருக்கோ மழைக்காலம் தொடங்கும் முன்பே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: என் மகள் விலங்கியல் படிக்கிறாள். இத்தகைய மூளை ஆய்வில் சேர மருத்துவம்தான் படித்திருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டியதில்லை. மெக்யுவன் கல்லூரியில் படித்தது வேதியியல். உங்கள் மகள் முதுநிலையில் விலங்கியலையோ உயிர்வேதியியலையோ எடுத்து, சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், பெங்களூரின் ஆய்வு மையங்கள் உட்பட நாடெங்கும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே உயிர்வேதியியல் துறை இருப்பதால், அங்குள்ள ஆய்வு மாணவர்களை ஒருநாள் நேரில் சந்தித்து, ஆய்வுக்கூடத்தில் அவர்கள் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார்கள் என்று அவளே கேட்டுப் பார்க்கட்டும்.