முதலில் அந்தச் சைக்கிளை நிறுத்துங்கள்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து ரோட்டை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீடு எங்களுடையது. ஒன்பது மாத பார்டர் கோலி நாய் ஒன்று வளர்க்கிறோம். வெயிலுக்கு முடியை ஒட்ட வழித்துவிடச் சொல்கிறார்கள், செய்யலாமா? செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் துரத்துகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுகிறது. பகலில் சங்கிலியில் கட்டி, சாயங்காலம் ஒரு மணி நேரம் சைக்கிளோடு ஓட விடுகிறேன். அப்படியும் அடங்கவில்லை. சாப்பாட்டை மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வழிக்காதீர்கள். மேல்முடிதான் வெயில் தோலைச் சுடாமல் காப்பது. வழித்தால் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதே இல்லை. உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் அடிமுடியை வாரம் இரண்டு முறை வாரி எடுங்கள். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் விரல் விட்டுப் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஒளியும். சாப்பாட்டுக்கும் துரத்தலுக்கும் சம்பந்தமில்லை. வெங்காயம் போட்ட குழம்பை மட்டும் ஊற்றாதீர்கள்.

என்னை உறுத்தியது சைக்கிள். இந்த நாய் வைத்திருப்பவரிடமெல்லாம் யாராவது வந்து "நல்லா ஓட விடுங்க, அடங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடங்காது. தினம் ஓடினால் மூச்சும் காலும்தான் பலப்படும். இன்று ஒரு மணி நேரம் போதுமென்றால் அடுத்த மாதம் இரண்டு மணி நேரம் கேட்கும். ஒன்பது மாதத்தில் எலும்பு முனைகள் முற்றியிருக்காது, தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடினால் மூட்டு கெடும். நம் ஊர்ப் புழுக்கம் வேறு. இந்த இனத்துக்குத் தானாக நிறுத்தத் தெரியாது. நாக்கு அகன்று ஓரம் மடங்கினால், பின்னங்கால் தள்ளாடினால், அந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள், காற்று படட்டும், அப்புறம் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

பகலெல்லாம் சங்கிலி என்று கூசாமல் எழுதியிருக்கிறீர்களே! கண்ணெதிரே மோட்டார் போகிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள், அது சங்கிலி முனையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவிழ்த்துவிட்டால் வேறென்ன செய்யும்? ரோடு தெரியாத பின்கட்டில் வேலி அடித்து, நிழலும் தண்ணீரும் வையுங்கள். வளர்கிற நாய்க்குத் தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்டால் இன்னும் வெறிக்கும்.

இங்கிலாந்து – ஸ்காட்லாந்து எல்லை ஆட்டுக்காரர்கள் உண்டாக்கிய இனம் இது. வேட்டையில் முறைப்பது, பதுங்குவது, சுற்றி வளைப்பது வரை வைத்துக்கொண்டு, கொல்வதை மட்டும் மழுங்கடித்தார்கள். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய் குரைத்து மிரட்டாமல் பார்வையிலேயே ஆட்டை நகர்த்தும் என்று பெயர் வாங்கியது. இன்றைய பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் வம்சம். ஆடில்லாத இடத்தில் அந்தப் புத்தி மோட்டார் மேல் பாய்கிறது. மோட்டார் எப்படியும் போகத்தான் போகிறது, ஆனால் நாய்க் கணக்கில் அதை விரட்டியது தான்தான். இப்படி ஒவ்வொரு நாளும் ஜெயிக்கிற நாயை அடித்துத் திருத்த முடியுமா?

ஓட்டம் அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஆட்டுக்காரன் மெனக்கெட்டுப் பழக்குவது நிற்கவும் படுக்கவும்தான். நீங்களும் வீட்டுக்குள் ஆரம்பியுங்கள். தீனித் துண்டை மூக்கில் காட்டி, முன்னங்கால்களுக்கு நடுவே நேராகத் தரைக்கு இறக்குங்கள். முழங்கை தரையில் பட்டதும் "படு" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். எழுந்திருக்கத் தனியாக ஒரு சொல் வையுங்கள், அது வரும்வரை எழக்கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. படுத்திருக்கும் நேரத்தை இரண்டு விநாடி, ஐந்து, இருபது என்று ஒரு நிமிடத்துக்கு ஏற்றுங்கள். பிறகு நிறுத்தி வைத்த மோட்டார் பக்கத்தில், பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிறகு ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு போக. ஓடுகிற மோட்டார் கடைசியில்தான். அதுவும் முப்பது மீட்டர் தள்ளி, பத்து மீட்டர் கயிற்றில். கயிறு மார்புப் பட்டையில் இருக்கட்டும், கழுத்தில் மாட்டினால் பாய்கிறபோது குரல்வளை நசுங்கும்.

கெடுவது பெரும்பாலும் அவசரப்பட்டு ரோட்டோரம் கொண்டுபோவதால். தலை தாழ்ந்து, வால் இறங்கி, ஒரு முன்னங்கால் அந்தரத்தில் நின்றுவிட்டால் காதில் எதுவும் ஏறாது. அதற்கு முன்னால், காது இரண்டும் சத்தத்தின் பக்கம் திரும்புகிற நொடியில் "படு" வர வேண்டும். தவறிவிட்டால் கத்தாதீர்கள். கயிற்றோடு திரும்பி நடந்து, அடுத்த தடவை இன்னும் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். வாரக்கணக்கில் ஆகும், நடுவில் ஒரே ஒரு மோட்டாரை விரட்டக் கிடைத்தாலும் பின்னுக்குப் போய்விடும். பாவம், ஒன்பது மாதக் குட்டி, நன்றாகவே பழகும்.

குதிகாலைக் கவ்வுவதும் இதே புத்திதான். கீழ்ப்படிகிறவரை பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் பின்கட்டை விட்டு வெளியே விடாதீர்கள்.

கயிறில்லாமல் செம்பனைக்குள்ளும் வேண்டாம். எலி மருந்துக் கட்டி போட்டிருப்பார்கள். தின்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றும் தெரியாது, பிறகுதான் ஈறு வெளுத்து ரத்தம் கசியும். தின்றதைப் பார்த்தாலே, கிடைத்தால் மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.