அகதி விசா மறுப்பும் ஆஸ்திரேலிய நீதிமன்றமும்: கேள்வி பதில்

கே: அண்ணா, இமிக்ரேஷன் முடிவை மறுபரிசீலனை செய்யும் ட்ரிபியூனலும் மறுத்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் விசா கிடைக்குமா?

ப: கோர்ட் விசா தராது, தம்பி. ட்ரிபியூனல் சட்டப்படி முடிவெடுத்ததா என்பதை மட்டும் பார்க்கும். வென்றால் கேஸ் ட்ரிபியூனலுக்கே திரும்பும். முதலில் திகதியைப் பாருங்கள்: மனுப்போட 35 நாள்தான். முடிவெடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள், கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.

கே: போலீஸ் தேடி வந்ததாக அம்மா இப்போது கடிதம் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?

ப: ஆபத்தை நிரூபிக்க அது கோர்ட்டில் உதவாது. கேஸ் ட்ரிபியூனலுக்குத் திரும்பினால் அங்கே கொடுக்கலாம். உறையையும் பத்திரமாக வையுங்கள்.

கே: கோர்ட் தீர்ப்பில் என் பெயர் வருமா?

ப: வராது. சட்டமே தடுக்கிறது, எழுத்துக்களும் எண்களும்தான் வரும்.

கே: நான் சொன்ன ஒரு விஷயத்தை ட்ரிபியூனல் தீர்ப்பில் காணோம்.

ப: இதுதான் நல்ல கேள்வி. தீர்ப்பையும் உங்கள் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சொன்ன ஒவ்வொரு பயத்துக்கும் எந்தப் பந்தியில் பதில் இருக்கிறதென்று பென்சிலால் குறியுங்கள். அண்ணன் இயக்கத்தில் இருந்ததை நம்பவில்லை என்று நாலு பந்தி எழுதிவிட்டு, நீங்கள் மெல்பேர்ணில் ஆர்ப்பாட்டங்களுக்குப் போனதைத் தொடவே இல்லையென்றால், கோர்ட் கவனிக்கக்கூடிய பிழை அது. அந்தப் பிழை இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பிருந்தது என்று காட்டவும் வேண்டும். அது பெரிய தடை இல்லை என்று ஆஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றமான ஹைகோர்ட் 2024இல் சொல்லியிருக்கிறது. "என்னை நம்பவில்லை" என்பது மட்டும் போதாது.

கே: குறுக்கிடுகிறேன். என் மச்சானுக்குக் கோர்ட்தானே விசா கொடுத்தது!

ப: இல்லை. கோர்ட் திருப்பி அனுப்பியிருக்கும், ட்ரிபியூனல் மனம் மாறியிருக்கும், இமிக்ரேஷன் கொடுத்திருக்கும்.

கே: முடிவில் கிடைத்ததுதானே! ஏன் ஆட்களைப் பயமுறுத்துகிறீர்கள்?

ப: திரும்பிப் போன கேஸும் மறுபடி தோற்கிறது, அதனால்தான். கோர்ட்டில் தோற்றால் எதிர்த்தரப்பான இமிக்ரேஷன் அமைச்சரின் வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழும், ஆயிரக்கணக்கான டொலர். மச்சான் கதையை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

கே: அண்ணா, கடிதம் பிந்தி வந்தது. 35 நாள் எப்போதிலிருந்து?

ப: முதல் பதிலை வாசியுங்கள். தாண்டிவிட்டதென்றால் மனுவிலேயே காரணம் எழுதி நீட்டிப்புக் கேளுங்கள்.

கே: என் விசா ஏஜென்ட் கோர்ட்டில் பேசுவாரா?

ப: லோயராக இருந்தால் மட்டும்.

கே: 35 நாளில் சனி ஞாயிறும் சேருமா?

ப: சேரும்! நாளைக்கே லோயரைப் பாருங்கள்.