தொம்தே குட்டிச்சாத்தான் இல்லை

வணக்கம். ஸ்வீடன் கிறிஸ்துமஸ் கதையில் வரும் 'தொம்தே'யைத் தமிழில் குட்டிச்சாத்தான் என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குட்டிச்சாத்தான் என்றதும் நமக்கு ஏவலும் மாந்திரீகமும்தான் நினைவுக்கு வரும். தொம்தேவை யாரும் ஏவுவதில்லை. அவர் பண்ணை வீட்டின் காவலர். 'தொம்த்' என்றால் வீட்டுமனை, பெயரே அதிலிருந்து வந்ததுதான். சின்னப் பையன் உயரம், நரைத்த தாடி. ராத்திரியில் மாடு, குதிரைகளைப் பார்த்துக்கொள்வார். கூலி, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒரு கிண்ணம் கஞ்சி, மேலே வெண்ணெய்.

ஒரு வருஷம் வெண்ணெயைக் காணோம் என்று கோபத்தில் பசுவையே கொன்றுவிடுகிறார். அப்புறம் கஞ்சியைக் குடித்தால், அடியில் வெண்ணெய் இருக்கிறது! மனம் நொந்து வேறொரு பசுவைக் கொண்டுவந்து கட்டுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இப்படி வருந்துகிறவரைச் சாத்தான் என்று எப்படிச் சொல்வது?

'நோம்' (gnome) என்ற ஆங்கிலச் சொல்லையும் போடாதீர்கள். அது 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர் மண்ணுக்குள் வாழும் உயிர்களுக்குச் சொன்ன பெயர்.

தொம்தே என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'பண்ணையைக் காக்கும் குள்ளத் தாத்தா' என்று சேர்த்துவிடுங்கள். குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள்.